குருவி தலையில் பனங்காய்: மெல்பர்ன் டீமன்ஸ் பசங்க கதை

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு ரசிகனாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. திங்கட்கிழமை காலையில் யாரும் ஸ்கோர் கேட்க மாட்டார்கள். கேட்காமலே தெரியும்! அதற்காக அந்த ரசிகர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று நினைத்தால் அதுதான் தப்பு. ஜெயிக்கிற அணியின் ரசிகன் போன ஆட்டத்தைப் பற்றிப் பேசுவான். தோற்கிற அணியின் ரசிகன், அணியில் புதுசாகச் சேர்ந்திருக்கும் பத்தொன்பது வயசுப் பையனைப் பற்றி விடிய விடியப் பேசுவான்.

ஆஸ்திரேலியாவின் ஏ.எஃப்.எல் கால்பந்தில் இந்தப் பேச்சு கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணம் அந்த லீக் நடத்தப்படும் விதம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம், பக்கத்துக்கு 18 பேர், நான்கு கால்பகுதிகள். நடுவில் இருக்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்குள் போனால் 1 புள்ளி. கையால் பிடிக்கலாம், ஓடலாம், ஆளைப் பிடித்துத் தள்ளலாம். ஆஃப்சைடு கிடையாது, அதனால் அடி எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் வரும். இங்கிலீஷ் கால்பந்து மாதிரி கடைசி இடத்தில் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளுவதும் இல்லை. அதற்குப் பதில் வருட முடிவில் டிராஃப்ட் என்று ஒன்று நடக்கும். நாட்டிலேயே நல்ல இளம் ஆட்டக்காரர்களைக் கிளப்புகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். கடைசியில் வந்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு. அதாவது தோல்விக்கு ஒரு பரிசு உண்டு, அந்தப் பரிசு ஒரு பையன்.

இந்த ஏற்பாட்டில்தான் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி, எப்படியும் தோற்கப்போகிறோம், கிழடுகளைத் தூக்கிவிட்டுப் பசங்களை இறக்கு, அனுபவம் வரட்டும் என்கிறது. இன்னொரு கட்சி, ரிசர்வ் அணியில் ஆடட்டும், பழுக்கட்டும், அவசரப்படாதே என்கிறது. இரண்டு பேரும் பேசுவது ஒரே விஷயத்தைத்தான்: பையன் எத்தனை ஆட்டம் ஆட வேண்டும். யாரோடு ஆட வேண்டும் என்ற கேள்வி மட்டும் அங்கே வருவதே இல்லை. மெல்பர்ன் டீமன்ஸ் கிளப்பின் பதினைந்து வருடக் கதையைப் பார்த்தால், அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருந்தது என்று தோன்றுகிறது.

மெல்பர்ன் சாதாரணக் கிளப் இல்லை. 1858-ல் தொடங்கியது, உலகத்தின் மிகப் பழைய கால்பந்துக் கிளப்புகளில் ஒன்று. பாக்சிங் டே டெஸ்ட் நடக்கிற எம்.சி.ஜி மைதானம்தான் அவர்கள் வீடு. ஆனால் 2008-ல் மூன்றே வெற்றியோடு கடைசி இடம். 2009-ல் நான்கு வெற்றி, மறுபடியும் கடைசி. அப்போதிருந்த விதிப்படி, அடுத்தடுத்து இரண்டு வருடம் நான்கு வெற்றிக்கு மேல் போகாத அணிக்கு டிராஃப்ட்டின் தொடக்கத்திலேயே கூடுதலாக ஒரு தேர்வு கிடைக்கும். ஐந்தாவதாக ஒரு ஆட்டம் ஜெயித்தால் அது போச்சு. அந்த 2009-ல் ரிச்மண்டுக்கு எதிரான ஆட்டத்தில் மெல்பர்ன் முன்னிலையில் இருந்தது. கடைசி சைரன் அடித்த பிறகு ரிச்மண்டின் ஜோர்டன் மெக்மஹன் உதைத்த பந்து கோலானது, மெல்பர்ன் தோற்றது. சொந்த அணி தோற்றதற்கு அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட மெல்பர்ன் ரசிகர்கள் உண்டு! வேண்டுமென்றே தோற்றார்களா என்று லீக் பின்னாளில் விசாரித்தது. 2013 பிப்ரவரியில் வந்த முடிவு விசித்திரமானது: கிளப் வேண்டுமென்றே தோற்கவில்லை, ஆனால் ஐந்து லட்சம் டாலர் அபராதம், அந்த நேரத்துக் கோச் டீன் பெய்லிக்கும் நிர்வாகி கிறிஸ் கானலிக்கும் தடை. (தப்பே நடக்கவில்லை, தண்டனை மட்டும் உண்டு!)

சரி, அப்படித் தோற்றுக் கிடைத்த பசங்க என்ன ஆனார்கள்?

2008 டிராஃப்ட்டில் முதல் தேர்வு ஜாக் வாட்ஸ். உயரமான முன்கள ஆட்டக்காரர், கையும் காலும் அழகாக ஒத்துழைக்கும் பையன். அடுத்த வருடம் பிரைட்டன் கிராமர் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். 2009 ஜூன் மாதம், ராணி பிறந்தநாள் விடுமுறை ஆட்டம், எதிரணி கொலிங்வுட். மெல்பர்ன் கிளப்புக்கு வருடத்திலேயே பெரிய நாள் அதுதான். அந்த நாளில் வாட்ஸை முதல்முறையாக இறக்கினார்கள். பந்து அவர் கைக்கு வந்ததும் கொலிங்வுட் ஆட்கள் மூன்று பேர் ஒரே சமயத்தில் மேலே விழுந்து நசுக்கினார்கள். அந்தக் காட்சி அவர் விளையாடிய காலம் முழுக்கக் கூடவே வந்தது.

இங்கே ஆட்டத்தின் உள்விவகாரம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிரணி தன்னுடைய சிறந்த தடுப்பாட்டக்காரரை உங்கள் சிறந்த முன்கள ஆட்டக்காரர் மேல் போடும். நல்ல அணியில் அந்தப் பெரிய முரடனை இருபத்தெட்டு வயசு அண்ணன் ஒருவர் பார்த்துக்கொள்வார், பையனுக்கு மூன்றாவது தரத் தடுப்பாள்தான் வருவார். மோசமான அணியில் அந்த அண்ணன் இல்லை. பையனே சிறந்த ஆட்டக்காரன், அதனால் முரடன் அவனுக்கு. அதோடு, நடுக்களத்தில் அடி வாங்கும் அணியிலிருந்து முன்களத்துக்கு வரும் பந்து கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்தாக, ஆகாயத்தில் மிதந்துகொண்டே வரும். அது கீழே இறங்குவதற்குள் மூன்று பேர் வந்துவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் பந்துக்கு ஐந்து மீட்டருக்குள் இருக்கும் எதிராளியை உடம்பால் மறிப்பது சட்டப்படி சரி. அதாவது ஒரு மூத்த ஆட்டக்காரர் தம்பிக்குப் பாதுகாப்பு கொடுப்பது என்பது வெறும் பேச்சு இல்லை. நிஜமாகவே குறுக்கே போய் நிற்பார், பையனுக்கு ஒரு விநாடி கூடுதலாகக் கிடைக்கும். பதினெட்டு வயசில் அந்த ஒரு விநாடிதான் வித்தியாசம்.

ரசிகர்கள் வாட்ஸைப் பற்றிப் பேசியதெல்லாம் வேறு. தைரியம் இல்லை, பயந்தாங்கொள்ளி, இரண்டாவது தேர்வாக வெஸ்ட் கோஸ்டுக்குப் போன நிக் நைட்டனூயியை எடுத்திருக்கலாம்... வருடக்கணக்காக இதே பல்லவி.

2009 டிராஃப்ட்டில் முதல் தேர்வு டாம் ஸ்கல்லி, இரண்டாவது தேர்வு ஜாக் ட்ரெங்கோவ். ஒரே கிளப்புக்கு முதல் இரண்டு பேரும்! கொண்டாட்டம்தான். அதே நேரத்தில் அணியின் மறுபக்கத்தில் நடந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நடுக்களத்தின் பிராக் மெக்லீன் 2009 முடிவில் கார்ல்டனுக்குப் போனார். கேமரன் புரூஸ் 2010 முடிவில் ஹாதர்னுக்குப் போனார். எல்லாவற்றுக்கும் மேல் கேப்டன் ஜேம்ஸ் மெக்டொனால்ட். 2006, 2007 இரண்டு வருடமும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். 2010 முடிவில், அவருக்கு 34 வயது ஆகும் நேரத்தில், போதும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பசங்களுக்கு வழி விட வேண்டுமாம். பல ரசிகர்களுக்கும் அது சரியென்றே பட்டது.

அடுத்த வருடம், 2011 ஜூலை 30, ஜீலாங் நகரத்தில் ஆட்டம். ஜீலாங் 233, மெல்பர்ன் 47. 186 புள்ளி வித்தியாசம், லீக் சரித்திரத்திலேயே இரண்டாவது பெரிய தோல்வி. கோச் பெய்லியின் வேலை அதோடு போனது. வருட முடிவில் ஸ்கல்லி, புதுசாக வந்த ஜி.டபிள்யூ.எஸ் ஜயன்ட்ஸ் கிளப்புக்குப் பெரும் பணத்துக்குப் போனார். பணப்பேய், துரோகி என்று மெல்பர்ன் ரசிகர்கள் பல வருடம் மைதானத்தில் அவரைக் கூச்சல் போட்டு விரட்டினார்கள்.

இதில் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும் ஒரு விஷயம் இருக்கிறது. ஜயன்ட்ஸ் 2012-ல் ஆடத் தொடங்கியபோது அணி முழுக்கப் பொடிப்பசங்க. அதனால் அவர்கள் முதலில் செய்த காரியம், ஓய்வுக்குப் போன, போகவிருந்த மூத்தவர்களைத் தேடிப் பிடித்ததுதான். லூக் பவர், சாட் கார்ன்ஸ், டீன் புரோகன்... இவர்களோடு இன்னொருவர். யார்? மெல்பர்ன் வேண்டாம் என்று அனுப்பிய அதே ஜேம்ஸ் மெக்டொனால்ட்! 35 வயதில் அவர் மறுபடியும் பூட்ஸ் கட்டினார். மெல்பர்னில் ஸ்கல்லிக்கு அண்ணனாக இருந்திருக்க வேண்டியவர், ஜயன்ட்ஸில் ஸ்கல்லிக்கு அண்ணனானார். ஜயன்ட்ஸ் முதல் வருடம் இரண்டு ஆட்டமும் அடுத்த வருடம் ஒரே ஒரு ஆட்டமும்தான் ஜெயித்தது என்பதும் உண்மை. நாலு அண்ணன்கள் வந்ததும் மாயம் நடந்துவிடாது. ஆனால் 2016-ல் அந்த அணி இறுதிக்கு முந்தைய ஆட்டம் வரை வந்தது, ஸ்கல்லி அதில் அசராமல் ஓடிக்கொண்டிருந்தார்.

மெல்பர்ன் என்ன செய்தது? 2012-ல் புதுக் கோச் மார்க் நீல்ட் இரண்டு பேரைக் கூட்டாகக் கேப்டன் ஆக்கினார். ஒருவர் ஜாக் கிரைம்ஸ், வயது 22. மற்றவர் ஜாக் ட்ரெங்கோவ், வயது 20. லீக் சரித்திரத்திலேயே இளைய கேப்டன். குருவி தலையில் பனங்காய் என்பது இதுதான். அந்த மார்ச்சில் கிளப்பின் தலைவராக இருந்த, எல்லோரும் நேசித்த ஜிம் ஸ்டைன்ஸ் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தையும், 2012-ல் நான்கு வெற்றி, 2013-ல் இரண்டு வெற்றி என்ற அவமானத்தையும் ஒரு இருபது வயசுப் பையன் ஒவ்வொரு வாரமும் மைக் முன்னால் நின்று விளக்க வேண்டியிருந்தது. அவன் எப்போது தன் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வான்? நீல்டின் வேலை 2013 ஜூனில் போனது. ட்ரெங்கோவ் கேப்டன் பதவியை விட்டார். 2014-லிருந்து பாத எலும்பு முறிவு அவரைப் படுத்தி எடுத்தது, 2017 முடிவில் மெல்பர்ன் அவரை விட்டுவிட்டது. காயத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தைப் பார்த்து "இவன் தலைவன் இல்லை" என்று முடிவு கட்டிய ரசிகர்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: இருபது வயசில் உங்களிடம் யாராவது என்ன பொறுப்பைக் கொடுத்தார்கள்?

எதிர்ப்பக்கத்து உதாரணம் அதே ஜீலாங். 2006 டிராஃப்ட்டில் ஏழாவது தேர்வு ஜோயல் செல்வுட். முழங்கால் காயத்தால் மற்றக் கிளப்புகள் தயங்கி விட்ட பையன். 2007-ல் நேராக முதல் அணி. அதாவது "பையனை இறக்கு" கட்சி சொல்வதுதான் நடந்தது. ஆனால் இடப்பக்கம் கேரி ஆப்லெட், வலப்பக்கம் ஜிம்மி பார்ட்டல், ஜோயல் கோரி, கேமரன் லிங். எதிரணியின் கவனமெல்லாம் அவர்கள் மேல். செல்வுட் அந்த வருடமே சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதும் கோப்பையும் வாங்கினார். பிறகு கேப்டனும் ஆனார், ஐந்து வருடம் அண்ணன்களுக்கு நடுவில் ஆடிய பிறகு, 2012-ல். ட்ரெங்கோவ் கேப்டனான அதே வருடம்.

மெல்பர்ன் ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு "அவனை எடுத்திருந்தால்". 2009-ல் மூன்றாவது தேர்வு டஸ்டின் மார்ட்டின், ரிச்மண்டுக்குப் போய் மூன்று இறுதி ஆட்டங்களில் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். 2012-ல் மெல்பர்ன் நான்காவதாக ஜிம்மி டூம்பாஸை எடுத்தது, ஏழாவதாகப் போன ஆலி வைன்ஸ் 2021-ல் பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். நெஞ்சில் அடித்துக்கொள்ள நல்ல பட்டியல்தான். ஆனால் மார்ட்டின் மெல்பர்னுக்கு வந்திருந்தால் அதே மார்ட்டினாக இருந்திருப்பாரா? அவர் போன ரிச்மண்டும் அப்போது ஒன்றும் பெரிய அணி இல்லை என்று யாராவது மடக்கலாம், நியாயமான மடக்கல்தான். 2010-ல் அவர்களும் அடிமட்டத்தில்தான் கிடந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால் ரிச்மண்டில் 2010-ல் வந்த கோச் டேமியன் ஹார்ட்விக் 2023 வரை இருந்தார். வாட்ஸ் மெல்பர்னில் ஆடிய ஒன்பது வருடத்தில் இடைக்கால ஆட்களையும் சேர்த்தால் ஆறு கோச்சுகள். ஒவ்வொருவரும் வந்து முந்தையவர் சொன்னதை மறக்கச் சொன்னால் பையன் எதைத்தான் கற்பான்?

திருப்பம் 2013 முடிவில் வந்தது. புதுக் கோச் பால் ரூஸ், சிட்னி அணிக்கு 2005-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். மெல்பர்ன் கையில் அப்போது டிராஃப்ட்டின் இரண்டாவது தேர்வு இருந்தது. அதை ஜயன்ட்ஸிடம் கொடுத்துவிட்டு, ஏற்கனவே இரண்டு வருடம் ஆடிப் பழகிய டாம் டைசனையும், இன்னொரு பின்தங்கிய தேர்வையும் வாங்கினார்கள். இரண்டாவது தேர்வில் ஜயன்ட்ஸ் ஜாஷ் கெல்லியை எடுத்தது, பிரமாதமான ஆட்டக்காரர் ஆனார். எத்தனை வருடம் திட்டினார்கள் தெரியுமா! அந்தப் பின்தங்கிய தேர்வில் வந்தவர் கிறிஸ்டியன் சேலம். அதோடு புல்டாக்ஸ் விட்டுவிட்ட முப்பது வயது டேனியல் கிராஸ் வந்தார், அடிலெய்டிலிருந்து பெர்னி வின்ஸ் வந்தார். இவர்களை எடுத்து என்ன பிரயோஜனம், அடுத்த கோப்பை வரும்போது இவர்கள் இருப்பார்களா என்று கேட்டவர்கள் உண்டு. இருக்கவில்லைதான். 2015-ல் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் வின்ஸ். வெற்றிகள் 2014-ல் 4, பிறகு 7, 10, 12 என்று ஏறின. இந்த நிழலில் வளர்ந்தவர்கள்தான் 2014 டிராஃப்ட்டில் வந்த கிறிஸ்டியன் பெட்ராக்காவும் 2015-ல் வந்த கிளேட்டன் ஆலிவரும். பெட்ராக்கா முதல் வருடம் முழுக்க முழங்கால் காயத்தால் ஆடவே இல்லை. யாராலும் அவரை அவசரமாக இறக்க முடியவில்லை.

அடுத்த கோச் சைமன் குட்வின் காலத்தில் பின்களத்துக்கு ஜேக் லெவர், ஸ்டீவன் மே இருவரும் வெளியிலிருந்து வந்தார்கள். மே வருவதற்காக ஜெஸ்ஸி ஹோகன் என்ற இளம் நட்சத்திரத்தையே 2018 முடிவில் ஃப்ரீமேண்டலுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதற்கும் திட்டுதான்.

2021 செப்டம்பர் 25, பெர்த். மெல்பர்ன் 140, வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 66. 1964-க்குப் பிறகு முதல் கோப்பை. சிறந்த ஆட்டக்காரர் பெட்ராக்கா. சேலமும் களத்தில் இருந்தார். கேப்டன் மேக்ஸ் கான். இந்தக் கான் யார் தெரியுமா? ஸ்கல்லியும் ட்ரெங்கோவும் வந்த அதே 2009 டிராஃப்ட்டில் 34-வது தேர்வு. தொடக்க வருடங்களில் முழங்கால் காயம், பாதி நேரம் ரிசர்வ் அணி, அவர் மேல் யாருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. அதனால் பனங்காயும் இல்லை.

அந்தக் களத்தில் இல்லாத ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நேதன் ஜோன்ஸ், 2005 டிராஃப்ட், மெல்பர்னுக்காக 302 ஆட்டங்கள். 186 புள்ளி காலம், நீல்ட் காலம் எல்லாவற்றிலும் அங்கேயே இருந்தார். 2012, 2013, 2014 மூன்று வருடமும் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். பக்கத்தில் அண்ணன் இல்லாமல் வளர்ந்து, பின்னால் வந்த எல்லோருக்கும் அண்ணனாக இருந்தவர். 2021 இறுதிப்போட்டிக்கான அணியில் அவருக்கு இடமில்லை. மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறக்கும் நேரம் என்று ஆட்டத்துக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். வாட்ஸும் அங்கே இல்லை. 2017 ராணி பிறந்தநாள் ஆட்டத்தில், அதே கொலிங்வுட்டுக்கு எதிராக, கடைசி நிமிடங்களில் வெற்றி கோலை அடித்தவர் அவர். அந்த வருட முடிவிலேயே போர்ட் அடிலெய்டுக்கு அனுப்பப்பட்டார். 2019-ல் கால் உடைந்தது, அதோடு ஆட்டம் முடிந்தது.

இப்போது அதே வாக்குவாதம் நார்த் மெல்பர்ன் ரசிகர்களிடம் ஓடுகிறது. 2020-லிருந்து 2024 வரை ஐந்து வருடமும் கடைசி இரண்டு இடங்களுக்குள்தான். 2021-ல் முதல் தேர்வாக வந்த ஜேசன் ஹார்ன்-பிரான்சிஸ் ஒரே வருடத்தில் போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். அவருக்கும் துரோகிப் பட்டம்தான். அந்த 2022-ல் அணி இரண்டே ஆட்டம் ஜெயித்தது, பாதியில் கோச்சும் போனார் என்பதைத் திட்டியவர்களில் எத்தனை பேர் யோசித்தார்கள்? 2022 டிராஃப்ட்டில் வந்த ஹாரி ஷீசல் முதல் வருடத்திலேயே கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். பெருமைதான். ஆனால் ஒரு பதினெட்டு வயசுப் பையன் அணியிலேயே சிறந்தவன் என்றால் மற்றவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2024 முடிவில் சிட்னியின் முன்னாள் இணைக் கேப்டன் லூக் பார்க்கர், வெஸ்ட் கோஸ்டின் ஜாக் டார்லிங், புல்டாக்ஸின் கேலப் டேனியல் மூவரும் நார்த்துக்கு வந்தார்கள். மூவரும் நிறைய ஆட்டம் பார்த்தவர்கள். எதற்கு இந்தக் கிழடுகள், பசங்க இடத்தை அடைக்கவா என்று முணுமுணுக்கும் நார்த் ரசிகர்கள், ஜேம்ஸ் மெக்டொனால்ட் போன பிறகு பக்கத்துக் கிளப்பில் என்ன நடந்தது என்று ஒரு மெல்பர்ன் ரசிகரைக் கேட்டுப் பார்க்கலாம்.